மீனுக்குப் பிறப்புச் சான்றிதழ் வந்த கதை

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், சாவோ டோமே என்ற குட்டித் தீவு நாட்டை ஒட்டிய கடலில் ஒரு பெரிய மீன்பிடிக் கப்பல் மெல்ல மூழ்கிக்கொண்டிருந்தது.

புயல் இல்லை. பாறையில் மோதவில்லை. கடல் அமைதியாகத்தான் இருந்தது.

கப்பலில் இருந்த 40 பேரும் பத்திரமாக மிதவைகளில் ஏறிவிட்டார்கள். கப்பல் முழுசா தண்ணிக்குள்ள போனதும் அதன் கேப்டன் கைதட்டி ஆரவாரம் செய்தார் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

தன் கப்பல் மூழ்குவதைப் பார்த்து எந்தக் கேப்டனாவது சந்தோஷப்படுவாரா?

படுவார். கப்பலோடு சேர்ந்து ஆதாரமும் மூழ்குதுன்னா கண்டிப்பா படுவார்.

அந்தக் கப்பலின் பெயர் தண்டர். அதன் வேலை மீன் திருட்டு.

"மீன் திருட்டா? கடல்ல இருக்கற மீன் யாருக்குங்க சொந்தம்?"னு நீங்க கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்த நீண்ட த்ரெட். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அடிப்படை.

கரையில் இருந்து 200 கடல் மைல் வரை இருக்கும் மீன்வளம் அந்தந்த நாட்டுக்கு உரியது. 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை சொல்வது இதுதான். அதைத் தாண்டிய ஆழ்கடலில், பல நாடுகள் சேர்ந்து அமைத்த மீன்வள ஆணையங்கள் எவ்வளவு பிடிக்கலாம், எந்த வலை போடலாம், எப்போது பிடிக்கக்கூடாது என்று விதி வைத்திருக்கின்றன.

இந்த விதிகளை மீறிப் பிடிப்பது, பிடித்ததைக் கணக்கில் காட்டாமல் விடுவது, எந்த விதிக்குள்ளும் வராத மாதிரி கொடி மாற்றிக்கொண்டு பிடிப்பது. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் சட்டவிரோத மீன்பிடி என்கிறோம்.

எவ்வளவு நடக்குது?

2009இல் வெளிவந்த ஓர் ஆய்வின் கணிப்புப்படி, உலகம் முழுக்க வருஷத்துக்கு 1.1 கோடி முதல் 2.6 கோடி டன் வரை. அதன் மதிப்பு 1,000 கோடி முதல் 2,350 கோடி டாலர் வரை.

இப்போ கதைக்குள்ள போவோம்.

அன்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடலின் ஆழத்தில் ஒரு மீன் வாழ்கிறது. பெயர் படகோனியன் டூத்ஃபிஷ். தமிழில் சொன்னால் பல் மீன். பார்க்க அழகாக இருக்காது. ரெண்டு மீட்டர் நீளம் வரை வளரும், 100 கிலோவைத் தாண்டும். 50 வருஷம் வரைகூட வாழும்.

ஆனால் முட்டையிடும் வயதுக்கு வரவே பல வருஷம் ஆகும். இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் பெருகாத உயிரினத்தை வேகமாகப் பிடித்தால் கணக்கு எங்கே போய் முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரொம்ப காலம் இந்த மீனை யாரும் சீண்டவில்லை. 1977இல் லீ லான்ட்ஸ் என்ற அமெரிக்க மீன் இறக்குமதியாளர் சிலி நாட்டில் இதைப் பார்க்கிறார். வெள்ளை வெளேர் சதை, நல்ல கொழுப்பு, முள் தொல்லை கிடையாது. ஆனால் 'பல் மீன்' என்று சொன்னால் அமெரிக்காவில் யார் வாங்குவார்கள்?

பெயரை மாற்றினார். 'சிலியன் சீ பாஸ்'.

அது சீ பாஸ் இனமே இல்லை. சிலியில் மட்டும் கிடைப்பதும் இல்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. 1994இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் அந்தப் பெயரில் விற்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. நட்சத்திர ஹோட்டல் மெனுவில் ஏறிய மீனுக்கு 'வெள்ளைத் தங்கம்' என்று பட்டமும் வந்தது.

தங்கம்னு சொன்னாலே திருடனும் வந்துடுவான் இல்லையா?

வந்தான். 1990களின் நடுவில், அனுமதி வாங்கிப் பிடித்த டூத்ஃபிஷ்ஷை விடத் திருட்டுத்தனமாகப் பிடித்தது அதிகம். தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான பிரின்ஸ் எட்வர்ட் தீவுகளைச் சுற்றியிருந்த மீன்வளம் சில வருஷங்களிலேயே காலியானது. இவர்கள் கிலோமீட்டர் கணக்கில் விட்ட தூண்டில் கயிறுகளில் ஆல்பட்ராஸ் பறவைகளும் சிக்கி ஆயிரக்கணக்கில் செத்தன.

அந்தக் கடலுக்குக் காவலாளி இல்லையா? இருந்தார். அன்டார்க்டிக் கடல்வாழ் உயிரின வளப் பாதுகாப்பு ஆணையம். 1982இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் கீழ் உருவானது. தலைமையகம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட். இந்தியாவும் 1986 முதல் இதில் உறுப்பினர்.

ஆனால் இந்தக் காவலாளி கையில் லத்தி இல்லை. சொந்தமாகப் போலீஸ் இல்லை, கப்பல் இல்லை. அவர் காக்க வேண்டிய வீடோ, உலகக் கடல் பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. கடலில் ஒரு கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுதோ, அந்த நாட்டுச் சட்டம்தான் அதற்கு. ஒப்பந்தத்தில் இல்லாத நாட்டின் கொடியைக் காசு கொடுத்து வாங்கி ஏற்றிவிட்டால்? விதி என்னைக் கட்டுப்படுத்தாது என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

சரி, துரத்திப் பிடிக்கலாமே?

பிடித்தார்கள். 2003 ஆகஸ்டில் வியார்சா 1 என்ற உருகுவே கொடிக் கப்பலை ஆஸ்திரேலியாவின் ரோந்துக் கப்பல் துரத்தியது. பனிப்பாறைகளுக்கு நடுவே, பேயாட்டம் ஆடும் அலைகளில், 21 நாள், 3,900 கடல் மைல். அதாவது சுமார் 7,200 கிலோமீட்டர். கடைசியில் தென்னாப்பிரிக்க, பிரிட்டிஷ் கப்பல்களும் வந்து சேர்ந்துதான் மடக்க முடிந்தது. உள்ளே 97 டன் டூத்ஃபிஷ்.

வழக்கு பெர்த் நகரில் நடந்தது. முதல் விசாரணையில் ஜூரிகள் முடிவுக்கு வரவில்லை. 2005இல் இரண்டாவது விசாரணையில் எல்லோரும் விடுதலை.

கப்பல் கிடைத்தது, மீனும் கிடைத்தது. ஆனால் அந்த மீனை ஆஸ்திரேலியக் கடலில்தான் பிடித்தார்கள் என்று நிரூபிக்க முடியவில்லை. மீனின் உடம்பில் ஊர்ப் பெயர் எழுதி இல்லையே!

இங்கேதான் இந்தக் கதையின் நாயகன் வருகிறார். ஒரு துண்டுக் காகிதம்.

எங்கள் துறையில் இருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

அரசு மருத்துவமனையில் ஒரு ரத்தப் பையைக் கையில் எடுத்தால், நாங்கள் முதலில் பார்ப்பது ரத்தத்தை அல்ல. பையின் மீதுள்ள எண்ணை. அந்த எண்ணை வைத்துப் போனால் யார் கொடுத்த ரத்தம், எந்தத் தேதி, என்ன வகை, என்னென்ன பரிசோதனை செய்தார்கள் என்று எல்லாம் கிடைக்கும். எண் இல்லாத பை எவ்வளவு சிவப்பா, அழகா இருந்தாலும் எந்த மருத்துவரும் நோயாளிக்கு ஏற்ற மாட்டார்.

இதனால் என்ன நடக்குது? எண் இல்லாத ரத்தத்துக்கு ஊரில் சந்தையே இல்லாமல் போகுது. ஒவ்வொரு தெருவிலும் போலீஸ் நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. வாங்குபவர் மறுத்தால் போதும்.

இதே யோசனையைத்தான் அந்த ஆணையம் மீனுக்குக் கொண்டு வந்தது. 1999இல் முடிவெடுத்து, 2000ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது 'மீன்பிடி ஆவணத் திட்டம்'.

எப்படி வேலை செய்யும்?

கப்பலின் கொடி நாடு ஓர் எண்ணுடன் ஆவணம் தரும். எந்தக் கப்பல், எந்த உரிமம், எந்தப் பகுதியில், எந்தத் தேதிகளில், எவ்வளவு எடை பிடித்தது என்று அதில் எழுத வேண்டும். துறைமுகத்தில் இறக்கும்போது அந்த நாட்டு அதிகாரி எடை போட்டுச் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். அங்கிருந்து வேறு நாட்டுக்குப் போனால் அந்தக் காகிதமும் கூடவே போகும். வாங்கும் நாட்டின் சுங்கத்துறை காகிதம் இல்லாத மீனை உள்ளே விடாது.

டூத்ஃபிஷ்ஷின் பெரிய சந்தைகள் அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பா. இவை எல்லாமே ஆணையத்தின் உறுப்பினர்கள். அதனால் பூட்டு சரியான கதவில் விழுந்தது. காகிதம் இல்லாத மீனுக்கு விலை குறைந்தது.

நாடுகள் ஒருவருக்கொருவர் துப்பு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வழக்கு. 2001இல் கேப் டவுன் துறைமுகத்தில் தென்னாப்பிரிக்க அதிகாரிகள் திருட்டு சிங்கி இறால் இருந்த ஒரு கன்டெய்னரைப் பிடித்தார்கள். இன்னொரு கன்டெய்னர் ஏற்கனவே அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டது. தகவல் பறந்தது, அங்கே மடக்கினார்கள். வேறு நாட்டுச் சட்டத்தை மீறிப் பிடித்த மீனை இறக்குமதி செய்வதே அமெரிக்காவில் குற்றம். 2013இல் அமெரிக்க நீதிமன்றம், குற்றவாளிகள் தென்னாப்பிரிக்காவுக்கு 2 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

திருடு போனது ஒரு நாட்டில், தண்டனை கிடைத்தது இன்னொரு நாட்டில், நஷ்ட ஈடு வந்தது திருடு கொடுத்த நாட்டுக்கு. ஒரு நாடு மட்டும் தனியாக இதைச் செய்திருக்கவே முடியாது.

ஆனால் திருடர்கள் சும்மா இருப்பார்களா? எந்த மருந்துக்கும் எதிர்ப்புத்திறன் வளர்க்கும் கிருமி போல அவர்களும் வழி கண்டுபிடித்தார்கள். போலி ஆவணம் தயாரித்தார்கள். கேள்வி கேட்காத துறைமுகங்களைத் தேடிப் போனார்கள். கப்பலின் பெயரையும் கொடியையும் சட்டை மாற்றுவது போல மாற்றினார்கள்.

ஆகவே அடுத்த பூட்டு துறைமுகத்துக்கு.

2009 நவம்பரில், ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பில் துறைமுக நாடுகளின் நடவடிக்கை ஒப்பந்தம் நிறைவேறியது. விஷயம் எளிது. வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் வருவதற்கு முன்பே அனுமதி கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் துறைமுகத்துக்குள் விடாதே. விட்டால் சோதனை போடு. திருட்டு என்று தெரிந்தால் மீனை இறக்கவும் விடாதே, டீசலும் கொடுக்காதே. மற்ற நாடுகளுக்கும் சொல்லிவிடு.

25 நாடுகள் கையெழுத்திட்டு உறுதி செய்தால்தான் இது அமலுக்கு வரும். அந்த 25 சேர ஆறரை வருஷம் ஆனது. 2016 ஜூன் 5 அன்று அமலுக்கு வந்தது. இன்று 80க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். ஜூன் 5ஐ சட்டவிரோத மீன்பிடிக்கு எதிரான சர்வதேச நாளாகவும் ஐ.நா. அறிவித்திருக்கிறது.

கப்பலுக்கு ஆதார் எண் போல ஒன்று உண்டு தெரியுமா? சர்வதேச கடல்சார் அமைப்பு தரும் எண். பெயர் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவார், அந்த எண் மாறாது. சரக்குக் கப்பல்களுக்கு இது 1987இலேயே வந்துவிட்டது. மீன்பிடிக் கப்பல்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்து வைத்திருந்தார்கள். 2013 டிசம்பரில்தான் அந்த விலக்கை எடுத்தார்கள்!

இப்போ தண்டருக்கு வருவோம்.

1969இல் நார்வேயில் கட்டப்பட்ட கப்பல். ரூபின், டைஃபூன் 1, கூகோ, வூஹான் என் 4 என்று பல பெயர்கள். மங்கோலியா, செஷல்ஸ், பெலிஸ், டோகோ, நைஜீரியா என்று பல கொடிகள். மங்கோலியாவுக்குக் கடலே கிடையாது என்பதைக் கவனிக்கவும்!

2006இல் ஆணையத்தின் கறுப்புப் பட்டியலில் ஏறியது. அதன் பிறகும் பல வருஷம் ஓடியது. 2013 டிசம்பரில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நார்வே கேட்டுக்கொண்டதால் இன்டர்போல் எச்சரிக்கை வெளியிட்டது.

2014 டிசம்பர் 17. சீ ஷெப்பர்ட் என்ற தன்னார்வ அமைப்பின் பாப் பார்க்கர் கப்பல், அன்டார்க்டிகா அருகே தண்டரைக் கண்டுபிடித்தது. கேப்டன் பீட்டர் ஹாமர்ஸ்டெட். தண்டர் வலையை அப்படியே விட்டுவிட்டு ஓட, பாப் பார்க்கர் பின்னாலேயே போனது.

கைவிடப்பட்ட வலையை எடுக்க இரண்டாவது கப்பல் சாம் சைமன் வந்தது. அதன் கேப்டன் இந்தியரான சித்தார்த் சக்கரவர்த்தி. அந்தக் கடலில் தடை செய்யப்பட்ட வகை வலை அது. நீளம் 72 கிலோமீட்டர். அத்தனையையும் இழுத்து மேலே போட்டு, மொரிஷியஸ் அதிகாரிகளிடம் ஆதாரமாக ஒப்படைத்தார்கள்.

110 நாள். 10,000 கடல் மைலுக்கு மேல். துரத்தல் முடிவதற்கு முன்பே நைஜீரியா தன் பதிவேட்டில் இருந்து தண்டரை நீக்கியது. கொடி இல்லாத கப்பல், போக இடமில்லாத கப்பல். கறுப்புப் பட்டியலும் இன்டர்போல் எச்சரிக்கையும் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் இரண்டு கப்பல்களும் இருக்கும்போது எந்தத் துறைமுகத்துக்குள் போய் அந்த மீனை இறக்குவது?

அதன் முடிவைத்தான் ஆரம்பத்தில் பார்த்தோம். தண்ணீர் உள்ளே வர வசதியாகக் கதவுகளைத் திறந்த நிலையில் கட்டி வைத்திருந்தார்கள். தாங்கள் யாரிடம் இருந்து ஓடினார்களோ, அவர்களே அந்த 40 பேரையும் காப்பாற்றினார்கள். 2015 அக்டோபரில் சாவோ டோமே நீதிமன்றம் கேப்டனுக்கும் இரண்டு இன்ஜினியர்களுக்கும் 1.5 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. குற்றங்களில் ஒன்று, ஆவணப் போலி.

மீன்வளம் என்றால் அதிகம் பேசப்படாத ஒரு குட்டித் தீவு நாடு, பெரிய நாடுகள் பத்து வருஷமாகச் செய்ய முடியாததைச் செய்தது.

அதே சமயத்தில் குன்லுன் என்ற இன்னொரு கப்பல் தாய்லாந்தின் புக்கெட் துறைமுகத்தில் 182 டன் மீனை இறக்கியது. காகிதத்தில் எழுதியிருந்தது 'களவா மீன்'. பெட்டிக்குள் இருந்தது டூத்ஃபிஷ். பெயரை மாற்றி விற்கத் தொடங்கிய மீனின் கதை, பெயரை மாற்றிக் கடத்துவதில் வந்து நின்றது. பெயர் பொய்யாக இருந்தால் காகிதமும் பொய்தான். அதனால்தான் அதிகாரி பெட்டியைத் திறந்து பார்ப்பது காகிதத்தை விட முக்கியம்.

"இதெல்லாம் அன்டார்க்டிகா கதை டாக்டர், நமக்கு என்ன?"

நம் பக்கத்து வீட்டுக்கு வருவோம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி 1 முதல், வெளியில் இருந்து வரும் கடல் மீன் எல்லாவற்றுக்கும் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம் என்றது. ஒத்துழைக்காத நாட்டுக்கு ஃபுட்பால் மாதிரியே முதலில் மஞ்சள் அட்டை, பிறகு சிவப்பு அட்டை.

இலங்கைக்கு 2012 நவம்பரில் மஞ்சள் அட்டை. 2014 அக்டோபரில் சிவப்பு. 2015 ஜனவரி முதல் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய சந்தை மூடப்பட்டது. சூரையும் வாள்மீனும் பெருமளவில் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன. இது பாக் நீரிணைப் பிரச்சனை அல்ல. நடு இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் படகுகள் எங்கே பிடிக்கின்றன என்று கண்காணிக்க வழியில்லை, தப்பு செய்தால் தண்டனையும் போதவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

இலங்கை சட்டத்தைத் திருத்தியது. பல நாள் தங்கி மீன்பிடிக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகளில் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவி பொருத்தியது. 2016 ஜூனில் தடை விலகியது.

அந்த ஒன்றரை வருஷம் அடி வாங்கியது யார்? திட்டம் போட்ட அதிகாரியா? இல்லை. மீனுக்கு விலை கிடைக்காமல் நின்ற சாதாரண மீனவர். சிவப்பு அட்டை ஒரு வீரியமான மருந்து. பக்க விளைவு உண்டு. அந்தப் பக்க விளைவைச் சுமப்பவர் பெரும்பாலும் நோய்க்குக் காரணமானவர் அல்ல. இதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

நம் ஊரில் இருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கணவாய்க்கும் இதே சான்றிதழ் வேண்டும். இங்கே அதைச் சரிபார்ப்பது கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். சிறு படகுகளுக்கு எளிமையான படிவம் ஒன்றையும் ஐரோப்பா வைத்திருக்கிறது. அந்த எளிமை இருந்தே ஆக வேண்டும். பெரிய கம்பெனிக்குக் காகிதம் எழுத ஆள் இருக்கும். ஃபைபர் படகுக்காரருக்கு யார் இருக்கா?

காகிதம் மீனை மட்டும் காப்பாற்றுவதில்லை. மனுசனையும் காப்பாற்றும்.

2015இல் அசோசியேட்டட் பிரஸ்ஸின் நான்கு பெண் பத்திரிகையாளர்கள் இந்தோனேசியாவின் பென்ஜினா என்ற தீவுக் கிராமத்தில் நடந்ததை வெளிக்கொண்டு வந்தார்கள். மியான்மரில் இருந்து ஏமாற்றிக் கொண்டுவரப்பட்ட மீனவர்கள் அங்கே கூண்டில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் பிடித்த மீனை ஏற்றிய கப்பலைச் செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்து, தாய்லாந்தில் இறங்கியதும் லாரிகளின் பின்னாலேயே போய், எந்த ஆலைக்குப் போகுது, அங்கிருந்து எந்த அமெரிக்கக் கடைக்குப் போகுது என்று கண்டுபிடித்தார்கள். 2,000க்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள். அடுத்த வருஷம் அவர்களுக்குப் புலிட்சர் விருது.

அரசுகள் செய்திருக்க வேண்டிய தடமறிதலை நான்கு பேர் செய்தார்கள் என்பதுதான் இதில் உறைக்க வேண்டிய விஷயம்.

மருத்துவராக ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

2007இல் ஹாங்காங்கில் 'காட்' மீன் என்று வாங்கிச் சாப்பிட்ட பல நூறு பேருக்கு வயிற்றுப்போக்கு. மலத்தோடு ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் ஒழுகியது. சாப்பிட்டது காட் அல்ல, ஆயில்ஃபிஷ். அதில் இருக்கும் மெழுகு போன்ற கொழுப்பை மனிதக் குடலால் செரிக்க முடியாது. ஒரு தப்பான லேபிள், பல நூறு நோயாளிகள்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாத மீன் என்ன மீன் என்பதும் நமக்குத் தெரியாது.

வேலை இன்னும் முடியவில்லை. காகிதச் சான்றிதழில் கள்ளக் கையெழுத்து போடலாம், ஒரே நகலை இரண்டு முறை காட்டலாம். அதனால்தான் 2026 ஜனவரி 10 முதல் ஐரோப்பா இந்தச் சான்றிதழ்களைக் கணினி வழியாக மட்டுமே பதியச் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தில் சேராத நாடுகள் இன்னும் இருக்கின்றன. கேள்வி கேட்காத துறைமுகம் ஒன்று இருந்தாலும் போதும், திருட்டு மீன் அங்கே போய் இறங்கும். அணையில் ஒரு விரிசல் போதாதா?

நம் மக்களுக்கு மீன் வாங்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம். அது மீன் எப்போது செத்தது என்று சொல்லும். யார் பிடித்தது, எந்தக் கடலில், எந்த விலை கொடுத்து என்று செவுள் சொல்லாது.

அதனால் அடுத்த முறை சந்தையிலோ சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர் பக்கத்திலோ நிற்கும்போது, ஒரு கேள்வி கூடுதலா கேளுங்க.

"இது எங்க பிடிச்ச மீன்?"

பதில் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.